எந்த ஆண்டு நடவு?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் ஊர் இரவுச் சந்தையில் அப்பம் பாலேக் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து "டீச்சர்" என்று ஒரு குரல். ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகியும் அந்தச் சொல்லைக் கேட்டால் உடம்பு தானாகத் திரும்பிவிடுகிறது. முகம் உடனே பிடிபட்டது, பெயர் பிடிபட அரை நிமிடம் ஆனது. 2012-இல் ஆறாம் ஆண்டு படித்த பெண். கையுறைத் தொழிற்சாலையில் வேலை என்றாள். இந்த வாரம் பகல் ஷிப்ட் என்பதால்தான் சந்தைக்கு வர முடிந்ததாம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன், ஆறு வயது இருக்கும், என் கையில் இருந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் அது இது பேசிவிட்டு அவள் கேட்டாள்: "முதலாம் ஆண்டுக்கு இவன நம்ம பள்ளியிலதான் பதிஞ்சிருக்கேன் டீச்சர். வீட்டுக்காரர் டவுன் பள்ளிக்கு மாத்திடலாம்ங்கறாரு. நம்ம பள்ளி நல்ல பள்ளிதானா?"

"நல்ல பள்ளிதாம்மா, என்ன சந்தேகம்?" என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. வீட்டுக்கு வந்து அப்பத்தைப் பிரித்தபோதுதான் உறைத்தது. அந்த ஊரில், அந்தப் பள்ளியில், "நல்ல பள்ளி" என்பதற்கு பதினான்கு வருடம் கணக்கு எழுதியவள் நான். தேர்வுச் செயலாளர். நான் எழுதிய கணக்கில் எங்கள் பள்ளி மிக நல்ல பள்ளியாகத் தெரிந்த வருடம் 2012. அந்தக் கணக்கு அப்படித் தெரிவதற்காக நான் ஒதுக்கி வைத்த மூன்று பிள்ளைகளில் இவளும் ஒருத்தி. என்னிடம் வந்து, வேறு யாருமில்லாமல் என்னிடம் வந்து, அவள் கேட்கிறாள்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாக யோசித்தேன். மலேசியாவில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் நாடு முழுக்க எழுதிய யு.பி.எஸ்.ஆர். சோதனையை 2021-இல் ரத்து செய்துவிட்டார்கள், பழைய கதை எதற்கு என்று ஒரு பக்கம் தோன்றியது. ஆனால் வாட்ஸ்அப் குழுக்களில் வாரம் ஒருவராவது "மறுபடி யு.பி.எஸ்.ஆர். வரணும், அப்பதான் எந்தப் பள்ளி நல்ல பள்ளின்னு தெரியும்" என்று எழுதுகிறார்கள். அந்த இரண்டாவது பாதிதான் என்னை உறுத்துகிறது.

போஸ்ட்மார்ட்டம்

எங்கள் பள்ளி ஒருகாலத்தில் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. பத்துப் பிள்ளைகள் பள்ளி வயதில் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்ற 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் புண்ணியத்தில் முளைத்த எத்தனையோ பள்ளிகளில் ஒன்று. பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது, தொழிலாளர் லயன் வீடுகள் காலியாயின, பள்ளியை ஊர் ஓரத்துக்குக் கொண்டுவந்தார்கள். கட்டடம் புதிது, பிள்ளைகள் குறைவு. ஆறாம் ஆண்டில் பன்னிரண்டு பேர் இருந்தால் அது பெரிய வகுப்பு. இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

யு.பி.எஸ்.ஆர். முடிவு வந்ததும் நடக்கும் கூட்டத்துக்கு ஆசிரியர்கள் வைத்திருந்த பெயர் போஸ்ட்மார்ட்டம். செத்தது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. 2014 ஜனவரியில் அப்படி ஒரு கூட்டம், பல பள்ளிகளை ஒன்றாக உட்காரவைத்து நடந்தது. முன்வரிசையில் தலைமையாசிரியர்கள், அவர்களுக்குப் பின்னால் கோப்போடு எங்களைப் போன்றவர்கள். திரையில் பள்ளிகளின் பெயர்கள், பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு. எங்கள் பள்ளி சிவப்பு. முந்தைய ஆண்டு பச்சையில் இருந்த பள்ளி என்பதால் எங்கள் வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள். 2012-இல் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் எல்லாப் பாடங்களிலும் குறைந்தது சி வாங்கியிருந்தார்கள், 75 விழுக்காடு. 2013-இல் பதினொரு பேரில் ஐந்து பேர், 45 விழுக்காடு. பள்ளிச் சராசரித் தரம், அதாவது ஜி.பி.எஸ்., 2.05-இலிருந்து 2.65-க்குப் போயிருந்தது. அந்தக் கணக்கில் எண் ஏறினால் இறக்கம். ஏ என்றால் 1, ஈ என்றால் 5, எல்லாவற்றையும் கூட்டி வகுப்பது, அவ்வளவுதான். மேடையில் இருந்தவர் மைக்கில் கேட்டார்: "முப்பது விழுக்காடு விழுந்திருக்கு. ஒரு வருஷத்துல என்ன நடந்துச்சு உங்க பள்ளியில?"

எங்கள் தலைமையாசிரியர் எழுந்து, ஆசிரியர்களின் கடமையுணர்வை இன்னும் கூட்டுவோம், மாலை வகுப்பை அதிகப்படுத்துவோம், தன்முனைப்பு முகாம் நடத்துவோம் என்று சொன்னார். வேறு என்ன சொல்ல முடியும்? 2010 முதல் நாடு முழுக்கப் பள்ளிகளை ஏழு தரங்களாகப் பிரித்து அடுக்கியிருந்த காலம் அது. தரத்தை உயர்த்திய தலைமையாசிரியருக்கு ரொக்கப் பரிசு உண்டு என்றும் அறிவித்திருந்தார்கள். அந்த அடுக்கில் ஜி.பி.எஸ்.தான் எடை கூடின சரக்கு. நான் அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமும் கணிதம் எடுத்தவள் நான். அதே பாடநூல், அதே வெள்ளைப் பலகை, அதே தொண்டை. 2012-இல் நல்ல ஆசிரியையாக இருந்தவள் பன்னிரண்டு மாதத்தில் கெட்டுப்போய்விட்டேனா?

வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே ஒரு கணக்குப் போட்டேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை அப்போது ஏழு தாள் எழுத வேண்டும்: தமிழில் இரண்டு, மலாயில் இரண்டு, ஆங்கிலம், கணிதம், அறிவியல். பதினொரு பேருக்கு 77 தரங்கள். ஒரே ஒரு பிள்ளை ஏழிலும் ஈ வாங்குவதற்குப் பதில் ஏழிலும் சி வாங்கியிருந்தால் மொத்தத்தில் 14 புள்ளி குறையும், ஜி.பி.எஸ். 0.18 நகரும். டவுனில் 120 பேர் எழுதும் பள்ளியில் அதே பிள்ளை அதே மாற்றத்தைச் செய்தால் 0.02 கூட நகராது. விழுக்காட்டிலும் அப்படித்தான். எங்களுக்கு ஒரு பிள்ளை என்றால் ஒன்பது விழுக்காடு, அவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. ஒருவனுக்குச் சோதனையன்று காய்ச்சல் வந்தால் எங்கள் பள்ளியின் நிறம் மாறிவிடும்.

இது எங்கள் ஊர் வில்லங்கம் மட்டுமில்லை என்று பிறகு தெரிந்தது. அமெரிக்காவில் தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டைகர் என்ற இருவர் 2002-இல் எழுதிய ஆய்வைப் புள்ளியியல் படிக்கும் என் அண்ணன் மகன் அனுப்பிவைத்தான். வட கரோலைனாவில் மதிப்பெண்ணை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்தினால் சின்னப் பள்ளிகள் உச்சியிலும் வருகின்றன, அடியிலும் வருகின்றன, அடுத்த வருடம் இடம் மாறிவிடுகின்றன. கற்பித்தல் ஏறி இறங்குவதை விட, அந்த வருடம் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதே அதில் அதிகம். பரிசு வாங்கிய சின்னப் பள்ளியும் திட்டு வாங்கிய சின்னப் பள்ளியும் பெரும்பாலும் ஒரே பள்ளிதான், வருடம் மட்டும் வேறு.

அப்பா கேட்டது

அன்று இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு அப்போது எழுபத்தேழு வயது. முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் வெளிக்காட்டுக் கிராணியாக, அதாவது கண்டக்டராக இருந்தவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய் ஆள் கணக்கு எடுத்து, நிரை பிரித்துக் கொடுத்து, மத்தியானம் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் நின்று, சாயங்காலம் துரையிடம் கணக்குப் புத்தகத்தை நீட்டுகிற வேலை. பள்ளி விவகாரங்களில் தலையிட மாட்டார். நான் 75, 45 என்று பொரிந்து தள்ளியதைக் கேட்டுக்கொண்டே மோரை ஊற்றிக்கொண்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்:

"அந்தக் காடு எந்த வருஷத்து நடவும்மா?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். தோட்டத்தில் ஒவ்வொரு காட்டுக்கும் பெயரே நட்ட வருடம்தான். அறுபத்தெட்டுக் காடு, எழுபத்திரண்டுக் காடு. கணக்குப் புத்தகத்தில் முதல் கட்டம் நடவு ஆண்டு, இரண்டாவது ஏக்கர், அதற்கு அப்புறம்தான் அந்த மாதம் எவ்வளவு பால். ரப்பர் மரம் கத்திக்கு வரவே ஐந்தாறு வருடம் ஆகும், பிறகு ஏறும், முப்பதை நெருங்கினால் இறங்கும். புது மரத்துக் காட்டையும் கிழட்டு மரத்துக் காட்டையும் பக்கத்தில் வைத்து "இது ஏன் கம்மி?" என்று கேட்கிற துரை தோட்டம் நடத்தத் தெரியாத துரை. "எங்க துரைமாருங்க ஒண்ணும் நல்லவங்க இல்ல. ஒரு காசு விடமாட்டாங்க. ஆனா அவங்ககூட நடவு வருஷத்தப் பாக்காம யாரையும் திட்டுனதில்ல" என்றார். பிறகு ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னார், அதை அன்றைக்கு நான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை: "நடவு வருஷத்தப் பாத்துட்டா அப்புறம் எந்தக் கண்டக்டரும் சாக்குச் சொல்லமுடியாது."

மறுநாள் பள்ளியில் பழைய கோப்புகளை இறக்கினேன். நடவு ஆண்டு எங்களிடமும் இல்லாமல் இல்லை. ஹெட்கவுண்ட் என்று ஒரு பெரிய அட்டவணை எல்லாப் பள்ளியிலும் உண்டு. அதன் முதல் கட்டம் டி.ஓ.வி., பிள்ளை புறப்படுகிற இடம். கடைசிக் கட்டம் ஈ.டி.ஆர்., போய்ச் சேரவேண்டிய இடம். நல்ல யோசனைதான். ஆனால் நாங்கள் டி.ஓ.வி. எடுத்தது ஐந்தாம் ஆண்டு இறுதிச் சோதனையிலிருந்து, ஓட்டம் முடியப்போகிற நேரத்தில். கடைசிக் கட்டத்தை நிரப்பியது ஆசை. எல்லாரும் தேர்ச்சி என்று எழுதாவிட்டால் கோப்பு திரும்பி வரும். அப்புறம், திரையில் காட்டும்போது இரண்டு கட்டங்களுக்கும் இடமில்லை, வெறும் முடிவு மட்டும்தான் ஏறும்.

நான் நான்காம் ஆண்டு இறுதிச் சோதனைத் தாள்களுக்குப் போனேன். பள்ளியிலேயே தயாரித்த சோதனை என்பதால் இரண்டு வருடத்தையும் அப்படியே ஒப்பிட முடியாது, அது தெரியும். இருந்தாலும் வேறு வழியில்லை. 2012-இல் ஆறாம் ஆண்டு எழுதிய பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் நான்காம் ஆண்டிலேயே எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தார்கள். லாரி வைத்திருப்பவர் மகன், மளிகைக்கடைப் பிள்ளைகள், ஆசிரியர்களின் பிள்ளைகள், பாலர்பள்ளி முடித்து டியூஷனோடு வந்தவர்கள். எட்டு ஒன்பதாகியிருந்தது. இரண்டு வருடத்தில் நாங்கள் நகர்த்தியது ஒரே ஒரு பிள்ளையை. அதற்குத்தான் பச்சை.

2013-இன் பதினொரு பேரில் ஒன்பது பேருக்குத்தான் எங்களிடம் நான்காம் ஆண்டுத் தாள் இருந்தது. மற்ற இருவர் ஐந்தாம் ஆண்டு ஜனவரியில் வந்தவர்கள். பக்கத்துத் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டு, குடும்பத்தோடு மலிவுவிலை அடுக்குமாடிக்கு மாறியவர்கள். அந்த ஒன்பது பேரில் நான்காம் ஆண்டில் தேறியிருந்தது ஒருத்தி மட்டும். ஆறாம் ஆண்டில் ஐந்து பேர். ஒன்று ஐந்தாகியிருந்தது. அதற்குச் சிவப்பு.

அந்தச் சிவப்பு வகுப்பில் ஒரு பையன். நான்காம் ஆண்டுக்கு வந்தபோது உயிர்மெய் எழுத்துகள் தடுமாறும், "கொ" என்பதைப் பார்த்துக் "கா" என்பான். குறைநீக்கல் வகுப்பு ஆசிரியை இரண்டு வருடம் அவனோடு உட்கார்ந்தார். ஆறாம் ஆண்டு நடுவில் ஒருநாள் அலுவலகத்தில் கிடந்த நாளிதழின் தலைப்பை அவன் சத்தமாக வாசித்துவிட்டு, தான் வாசித்ததை நம்பாமல் மறுபடி வாசித்தான். சோதனையில் அவனுக்குத் தமிழ் கருத்துணர்தலில் டி. டி அப்போது தேர்ச்சி கிடையாது. அந்த ஆசிரியையின் இரண்டு வருடம் எங்கள் ஜி.பி.எஸ்.ஸில் ஐந்துக்குப் பதில் நான்கு என்று ஏறியது. 77-இல் ஒரு புள்ளி, 0.013. தேர்ச்சி விழுக்காட்டில் அதுவும் இல்லை.

பாலில் கலந்த தண்ணீர்

இத்தோடு நிறுத்தினால் நான் நல்லவளாகத் தெரிவேன். நிறுத்த முடியாது. 2012-இன் ஒன்பது எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த வருடம் மார்ச்சில் நான் ஒரு பட்டியல் போட்டேன். மூன்று நிரல். உறுதியாகத் தேறுபவர்கள், கலுஸ், மற்றவர்கள். கலுஸ் என்ற சொல் ஆசிரியர்களுக்குத் தெரியும். விளிம்பில் நிற்கிற பிள்ளை, தள்ளினால் அந்தப் பக்கம் விழும். எங்களுக்கு அப்படி இருந்தது ஒரே ஒரு பிள்ளை. மாலை வகுப்பு வாரத்தில் நான்கு நாள். ஆசிரியர்கள் மூன்று பேர், எல்லோருக்கும் வீடு குடும்பம் உண்டு. "மற்றவர்கள்" நிரலில் இருந்த மூவரையும் வைத்துக்கொண்டு நடத்தினால் வேகம் குறையும் என்று பேச்சு வந்தது. பேச்சு வந்தது என்று எழுதுகிறேன் பாருங்கள், பேச்சைத் தொடங்கியதே நான்தான். மூவரையும் ஒருநாள் இடைவேளையில் கூப்பிட்டு, "நீங்க சாயங்காலம் வரவேணாம், வீட்டுல படிங்க" என்று சொன்னேன். சந்தையில் பார்த்த பெண் அந்த மூவரில் ஒருத்தி. அவளுக்கு மலாயில் சி கிடைக்கவில்லை. அதனால் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்கு நேராகப் போகாமல் புகுமுக வகுப்பில் ஒரு வருடம். படிவம் இரண்டோடு நின்றுவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் கொடியவள் இல்லை. எண்ணுக்கு எது ஏறுமோ அதைச் செய்தேன். அப்பா சொல்கிற இன்னொரு கதை இதற்குப் பொருந்தும். பாலை வெறும் எடைக்கு வாங்கிய காலத்தில் வாளியில் தண்ணீர் சேருமாம். யாரைக் குறைசொல்வது? எடைக்குத்தானே கூலி. அதனால் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டு, அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்குப் பண்ணிக் கூலி போட்டார்கள். இங்கிலாந்தில் 1862-இல் ராபர்ட் லோ என்ற மந்திரி இதே கூத்தைப் பள்ளியில் நடத்திப் பார்த்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளையை வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்வார். ஒவ்வொன்றில் தவறினாலும் பள்ளிக்கு வரும் மானியத்தில் அவ்வளவு பென்ஸ் வெட்டு. பிள்ளைகள் வாசகப் புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டுத்தான் கைவிட்டார்கள். எங்கள் மாலை வகுப்பில் நான் நடத்தியதும் பழைய கேள்வித்தாள்கள்தான். ஐந்து வருடத்துத் தாள், திரும்பத் திரும்ப. நாற்பது கேள்வியில் எந்த இடத்தில் எந்த வகைக் கணக்கு வரும் என்று பிள்ளைகளுக்கு அத்துப்படி. அதே கணக்கைக் கடையில் சில்லறையாகக் கேட்டால் விழிப்பார்கள். 2014-இல் அறிவியல், ஆங்கிலத் தாள்கள் முன்கூட்டியே வெளியாகி, நாடு முழுக்கப் பிள்ளைகள் செப்டம்பர் 30 அன்று மறுபடி உட்கார்ந்து எழுதினார்களே, அப்போது எல்லோரும் திருடனைத் தேடினார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கேள்வித்தாளுக்குச் சந்தையில் விலை எப்படி வந்தது என்று அதிகம் பேர் கேட்கவில்லை.

சரி, நடவு ஆண்டைச் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். 2014-இல் எங்கள் கோப்பில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்: பிள்ளையின் பின்னணி. இரண்டே மாதத்தில் அது என்ன ஆனது தெரியுமா? "தோட்டத்துப் பிள்ளை." "தகப்பன் குடி." "வீட்டில் கவனிப்பு இல்லை." பலவீனமான ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு சாக்கு. ஆசிரியர்கள் எழுதினார்கள், நானும் எழுதினேன். எழுதியதும் மனசு லேசாகிவிட்டது. அந்தப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பதைக் கைகழுவியாயிற்று. அப்பாவிடம் பெருமையாக அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "நடவு வருஷம் மரத்துக்குத்தான்மா. அந்த வயசு மரம் இவ்வளவு பால் குடுக்கும்னு துரைக்குத் தெரியும். அதுக்குக் கீழ போனா, ஏன்டா கம்மின்னு என்னத்தான் கேப்பான். காட்டக் குறை சொல்ற கிராணிய எத்தன நாளு வச்சிருப்பான்?" அன்றைக்குத்தான் அவர் முதலில் சொன்னது மண்டையில் இறங்கியது. புறப்பட்ட இடத்தைக் குறித்துவைப்பது மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை. இன்னும் கடுமையான கேள்வி கேட்பதற்காக. அந்தக் கேள்வி பச்சைப் பள்ளியையும் விடாது. எட்டை ஒன்பதாக்கிவிட்டுக் கைதட்டல் வாங்கின என்னையும் விடாது.

பெரிய நாடுகளும் இதே சேற்றில்தான் கால் வைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் 2006 வாக்கில் பள்ளிகளை மதிப்பிடும்போது பிள்ளையின் வீட்டு நிலைமை, ஏழ்மை எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தார்கள். ஏழைப் பிள்ளையிடம் குறைவாக எதிர்பார்ப்பதைச் சட்டமாக்குகிறது என்று சொல்லிச் சில ஆண்டுகளிலேயே விட்டுவிட்டார்கள். 2016 முதல், ஆரம்பப் பள்ளி முடிக்கும்போது பிள்ளை நின்ற இடத்தை மட்டும் வைத்து, அதே இடத்தில் நின்ற மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு, இடைநிலைப்பள்ளி எவ்வளவு நகர்த்தியது என்று பார்க்கும் முறை வந்தது. அப்பாவின் புத்தகத்துக்கு இது கொஞ்சம் பக்கம். ஆனால் அதுவும் நூறு, இருநூறு பிள்ளைகள் உள்ள இடத்தில்தான் ஏதாவது சொல்லும். ஒன்பது பேரை வைத்து நான் போட்ட கணக்கும், நேர்மையாகச் சொன்னால், காற்றடித்தால் ஆடுகிற கணக்குதான். ஒன்று ஐந்தானதில் எவ்வளவு எங்கள் உழைப்பு, எவ்வளவு அந்தப் பிள்ளைகளின் நல்ல நேரம்? மூன்று வருடத்தைச் சேர்த்துப் பார்த்திருந்தால் ஓரளவு தெரிந்திருக்கும். மூன்று வருடம் பொறுக்க யாருக்கும் பொறுமை இல்லை, எனக்கும்தான்.

இப்போது யு.பி.எஸ்.ஆர். இல்லை, வகுப்பறை மதிப்பீடு வந்துவிட்டது. ஆசிரியரே பார்த்து ஒன்றிலிருந்து ஆறு வரை அடைவுநிலை போடுகிறார். பிள்ளைக்கு இது நல்லது என்று இன்றைக்கும் நம்புகிறேன். இரண்டாம் நிலையில் இருக்கிறான் என்றால் இன்ன இன்ன தெரியவில்லை, உட்கார்ந்து சொல்லிக்கொடு என்று பொருள். தொல்லை எங்கே தொடங்குகிறது என்றால், அதே எண்ணைக் கூட்டிப் பள்ளியின் நெற்றியில் ஒட்டும்போது. நான் ஓய்வுபெறுவதற்கு முந்தின வருடம் ஒரு கூட்டத்தில், "எப்படி இத்தனை பேர் இரண்டாம் நிலை?" என்று ஒரே ஒரு கேள்விதான் வந்தது. குரலில் கோபம்கூட இல்லை. அடுத்த வாரம் பார்த்தால் பாதிப் பேர் மூன்றாம் நிலைக்கு ஏறியிருந்தார்கள். மூன்று என்றால் குறைந்தபட்சம் எட்டிவிட்டான் என்று கணக்கு. அந்த ஒரு வாரத்தில் பள்ளிக்கு இரண்டு நாள் விடுமுறை வேறு.

மறுபடி சந்தையில்

அடுத்த செவ்வாய் அவளைத் தேடினேன், காணவில்லை. ஷிப்ட் மாறியிருக்கும். மூன்றாவது வாரம் துணிக்கடைப் பக்கம் கண்ணில் பட்டாள். பையன் இல்லை, பாட்டியிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், கொச்சையாகத்தான் வந்தது. போன தடவை அவசரத்தில் பதில் சொல்லிவிட்டேன், அந்தப் பள்ளி உனக்கு நல்ல பள்ளியாக இருக்கவில்லை, அதற்கு நான் ஒரு காரணம், மாலை வகுப்புக்கு வரவேண்டாம் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

அவள் ஒரு சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஞாபகம் இருக்கு டீச்சர். அம்மாகிட்ட அப்படிச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. சாயங்கால வேன்ல எடம் இல்லன்னு சொல்லிட்டேன். அம்மா போயி வேன்காரரோட ரெண்டு நாளு சண்ட. பாவம், அவருக்கு ஒண்ணும் புரியல."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவள் சட்டையை மடித்து வைத்துவிட்டு விலை கேட்டாள், பன்னிரண்டு வெள்ளி என்றார் கடைக்காரர், பத்துக்குத் தரச் சொன்னாள்.

"அந்த வேன்காரரு இன்னும் ஓட்டிக்கிட்டுத்தான் இருக்காரு டீச்சர்," என்றாள் பணத்தை எண்ணியபடி. "இவனுக்கு இப்பவே எடம் சொல்லி வச்சுட்டேன். காலையிலயும், சாயங்காலத்துக்கும்."